அண்ணா நகரில் நீ படுத்திருந்த அறை

தலத்தெருவில் நான் இப்போது வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பின்னால் பழைய இரும்புக் கடை ஒன்று இருக்கிறது. இன்று காலை கடைக்காரர் ஒயரைக் கொளுத்தினார். மேலுறை எரிந்தால் உள்ளே செம்பு கிடைக்கும், அதற்காக. அந்தக் கருகல் வாடை ஜன்னல் வழியாக வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு போய் அவரிடம் சண்டை போட்டேன். "தெனமும் கொளுத்துறதுதான தம்பி, இன்னக்கி என்னா புதுசா?" என்றார். அவர் சொன்னது சரி. தினமும்தான் கொளுத்துகிறார். நேற்று நான் பட்டினச்சேரிக்கு, உன் வீட்டுக்குப் போய் வந்தேன். அதனால் இன்று பொறுக்கவில்லை.

என் வாய்க்குள் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்திருக்கிறார்கள், ஒரு பக்கமும் சாயாது என்று நீ கிண்டல் செய்வாய். எதையும் பட்டென்று சொல்லிவிடுவேன் என்பதற்காக. ஆனால் ஒன்றை மட்டும் ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது. உனக்குத்தான் கடைசியாகச் சொல்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே ஊரைப் பார்க்கவில்லை, கவனித்தாயா? விழிதியூரிலிருந்து வந்த நான் மெட்ராஸ் அண்ணா நகரைத் தாளில் பார்த்தேன். கட்டட அனுமதி வாங்கித் தரும் அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை. பட்டினச்சேரியிலிருந்து வந்த நீ அதே அண்ணா நகரைச் சமையலறை வழியாகப் பார்த்தாய். வீடு வீடாக, கடை கடையாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினுக்கு சர்வீஸ் செய்கிற வேலை. உப்பளவு காட்டும் மீட்டரை டம்ளரில் விட்டுவிட்டு, "கடத்தண்ணியில வளந்தவனுக்கு உப்புப் பாக்க மீட்டரு குடுத்திருக்கானுவ பாரு" என்று சிரிப்பாய்.

தாளில் அது குடியிருப்புப் பகுதி. வீட்டுவசதி வாரியம் மனை பிரித்தபோது போட்ட கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. எழுத்து வரிசையில் பிளாக்குகள், எண் வரிசையில் அவென்யூக்கள், ஓரத்தில் மரங்கள். மனையின் நாலு பக்கமும் காலி இடம், தரையில் கார் நிறுத்துமிடம், அதற்கு மேல் மூன்று மாடி வீடு. இந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். தெருவில் இறங்கினால் அந்தப் படம் எங்கேயும் இல்லை. கார் நிறுத்துமிடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். பின்பக்கக் காலி இடத்தில் தகரம் போட்டு மெஸ் நடக்கிறது. முதல் மாடியில் கலெக்டர் ஆகப் படிக்கிறவர்களுக்கு வகுப்பு. இரண்டாவது மாடியில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட ஓனரும் அவர் மனைவியும். மூன்றாவதில் பெண்கள் விடுதி. பக்கத்துக் கட்டடத்தில் பல் டாக்டர், அதற்கு மேல் பியூட்டி பார்லர், அதற்கும் மேல் யாரோ ஆடிட்டர். படிக்கட்டுக்கு அடியில் வாட்ச்மேன் குடும்பம், அடுப்போடு.

இரண்டாவது அவென்யூவில் டீக்கடை வாசலில் நின்று ஒருநாள் கேட்டாய். "நீ போட்ட படத்துல இந்தத் தெருவுல எத்தன பேருடா குடியிருக்காங்க?"

"வீட்டுக்கு நாலு பேர்னு வச்சுக்க."

"என் பில்ட்டருக்கிட்ட கேளு, அது சொல்லும். ஆறு மாசம் தாக்குப் புடிச்சா குடும்பம். ஆறே வாரத்துல அடச்சிக்கிட்டா உள்ள ஹாஸ்டல். பேருக்கு ரெண்டு கெழம்தான் இருக்குங்கிற வூட்ல மாசாமாசம் பில்ட்டர் மாத்துறேன். பின்னாடி ரூமுல பதினஞ்சு பேரு படுத்துருக்கானுவ."

எனக்குத் தெரியாததில்லை. அந்தப் பகுதி நடப்பதே அப்படித்தான். அந்த வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் எங்கேயாவது படுக்கவேண்டும், எங்கேயாவது சாப்பிடவேண்டும். கடைகளில் நிற்கிற பெண்கள், ஓட்டலில் இலை எடுக்கிற வடக்கத்திப் பையன்கள், உன்னைப்போல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறுகிறவர்கள், எல்லோருக்கும் அதே நாலு தெருவுக்குள் ஒரு மூலை வேண்டும். அந்த மூலைகள் எதுவும் தாளில் வரக்கூடாது. வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நான் அதைத் திருட்டு என்று நினைத்ததே இல்லை. சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

கணினியில் வரைகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சுவர் ஒரு லேயர், கதவு ஒரு லேயர், குழாய் ஒரு லேயர் என்று தனித்தனியாகப் போடுவோம். வேண்டாத லேயரை அணைத்துவிடலாம். அது அழியாது, ஃபைலுக்குள்ளேயே கிடக்கும், அச்சில் மட்டும் வராது. எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அப்படி ஒரு லேயர் வைத்திருந்தோம். உண்மையில் இருப்பதெல்லாம் அதில் இருக்கும். அளந்ததை எதற்கு வீணாக்க வேண்டும் என்று நான்தான் அந்த வழக்கத்தை ஆரம்பித்தேன்.

முதல் மாடியில் வகுப்பு, மூன்றாவதில் விடுதி என்று சொன்னேனே, நீ பிறகு தங்கப்போன அந்தக் கட்டடத்துக்கும் நான்தான் அளவெடுத்தேன். படிக்கட்டு மொட்டை மாடியில் முடிகிற இடத்தை ஒட்டிச் சுவர் எழுப்பி, மேலே சிமென்ட் ஷீட் போட்ட அறை. பத்தடிக்கு எட்டடி. வாசல் படிக்கட்டுப் பக்கம் மட்டும், ஆள் நுழைய முடியாத ஒரு சின்ன ஜன்னல். மொட்டை மாடிக்குப் போகிற கதவை, அங்கே செல்போன் டவர் சாமான் இருப்பதால், எப்போதும் பூட்டியே வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் எங்கள் சார் படத்தைப் பார்த்தார். "லேயரை ஆஃப் பண்ணு" என்றார். பண்ணினேன். அரை விநாடி வேலை.

பிறகு அனுமதி கொடுக்கும் ஆபீசிலிருந்து பார்வையிட ஆள் வருகிறார்கள் என்றதும் ஓனர் பயந்துபோனார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காபி கொடுத்து, உட்காரவைத்து, "மேல ஏறிப் பாத்துட்டா என்ன தம்பி பண்றது?" என்றார்.

யோசனை சொன்னது நான். "மூணாவது மாடிக்கு மேல படியில ஒரு கிரில் கேட் போட்டுப் பூட்டிடுங்க சார். பூட்டப் பாத்தா யாரும் ஏற மாட்டாங்க. மேல என்ன இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஒரு சின்ன ரூம் இருக்கு, ஆனா..."

"ஆனா கீனாலாம் வேணாம் சார். மேல யாரும் இல்ல, டேங்குதான். அவ்வளவுதான். யார் கேட்டாலும், எப்ப கேட்டாலும் இதுதான். எங்க, சொல்லுங்க?"

சொன்னார். தடுமாறினார். பொறுமையில்லாமல் நாலைந்து தடவை சொல்ல வைத்தேன். ஐந்தாவது தடவை சரளமாக வந்தது. வந்த அதிகாரி கேட்டைப் பார்த்தார், கேள்வியைக் கேட்டார், பதிலைக் கேட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். கேட் அப்படியே நின்றுவிட்டது.

அதற்கப்புறம்தான் நீ இடம் இல்லாமல் அலைந்தாய். நான் பெரிய மனிதனாட்டம் சொன்னேன், "என் கைவசம் ஒரு ரூம் இருக்கு." ஓனரிடம் பேசி, இன்னும் இரண்டு பேரோடு உன்னை அங்கே சேர்த்தேன். முதல்நாள் பையை இறக்கி வைத்துவிட்டு, இது வரைபடத்தில் இல்லாத அறை என்று நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்ப நான் அண்ணா நகர்ல பேயாடா? நல்லதாப் போச்சு, பேய்க்கு அட்வான்ஸ் கெடயாது." ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டை நீ சுட்ட அன்று ஓனரம்மா கீழேயிருந்து கத்தினார். நீ படியில் தலையை நீட்டி, "யாருமே இல்லாத ரூமுலேருந்து எப்புடிங்கம்மா வாட வரும்? டேங்கா இருக்கும், பாருங்க" என்றாய். அந்த அம்மாவே சிரித்துவிட்டார். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவருக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாய். வாங்கிக்கொண்டார்.

அந்த நாளுக்கு வருகிறேன். உனக்குக் காய்ச்சல். லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தாய். காலையில் அம்மாவுக்கும் போன் செய்து சொல்லியிருக்கிறாய். மற்ற இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பினார்கள், உங்கள் மூன்று பேருக்கும் இருந்த ஒரே சாவியோடு. அவர்கள் போவதைப் பார்த்த வாட்ச்மேன் மேலே ஆள் இல்லை என்று நினைத்து கேட்டைப் பூட்டினார். மத்தியானம் நான் வில்லிவாக்கத்தில் ஒரு மனையில் டேப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உன் போன் வந்தது.

"மாப்ள, கேட்டு பூட்டிக் கெடக்குடா. வாட்ச்மேன் போன் எடுக்கல. கீழ என்னமோ கருகுது, கண்ணெல்லாம் எரியிது."

"சாவி?"

"அவனுவ எடுத்துட்டுப் போயிட்டானுவ. ஓனருக்கு நீ அடி, என் நம்பர அவரு எடுக்க மாட்டாரு."

அடித்தேன். அவர் எடுத்தார். ஒரே சத்தம், யாரோ அலறுகிறார்கள். முதல் மாடி வகுப்பில் பேட்டரி அடுக்கி வைத்திருந்த இடத்தில் தீப்பிடித்திருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. "சார், மேல கேட்ட தொறங்க" என்றேன்.

"மேல யாரும் இல்ல, டேங்குதான்" என்றார்.

"சார், நான்தான் சார் பேசுறேன்!"

"யாரும் இல்ல, டேங்குதான்." போன் துண்டித்துப்போனது. பிறகு அவர் எடுக்கவே இல்லை. நீயும் எடுக்கவில்லை.

வண்டியை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி நின்றிருந்தது. விடுதிப் பெண்களை எல்லாம் இறக்கிவிட்டார்கள். மூன்றாவது மாடி வரை போன தீயணைப்புக்காரர்கள், கேட்டைப் பார்த்து, மேலே யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். ஓனர் அதே பதிலைச் சொல்லியிருக்கிறார். நான் கத்தியபிறகு ஓடிப்போய் கேட்டை அறுத்தார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம், அதை ஒட்டிய படியில் மூச்சில்லாமல் கிடந்தாய்.

தீ உன்னிடம் வரவில்லை. புகைதான் வந்தது. தீப்பிடித்தால் படிக்கட்டு புகைபோக்கி ஆகிவிடும். டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் இதற்குப் பரீட்சையில் பதில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அந்தப் புகைபோக்கியின் மேல்வாயில் அறை. அதற்கு ஒரு பூட்டிய கேட். அந்த கேட் என் யோசனை.

ஓனரை அன்றைக்குப் பார்த்தேன். தெருவில், சட்டை இல்லாமல், பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் பொய் தெரியவில்லை. உன்னை மறந்தே போயிருந்தார். பதற்றத்தில் கேள்வி காதில் விழுந்ததும், பழக்கிவைத்த வார்த்தை தானாக வந்திருக்கிறது. அதைப் பழக்கியது யார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

விசாரணையில் அவர் சுதாரித்துக்கொண்டார். நீ அங்கே குடியிருக்கவில்லை, தண்ணீர் மெஷின் சர்வீசுக்கு வந்தவன், டேங்க் லைனைப் பார்க்க மேலே போனாய், தெரியாமல் பூட்டிவிட்டார்கள் என்று எழுதிக்கொடுத்தார். கூட இருந்த இரண்டு பேரும் அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டார்கள், போனை எடுப்பதில்லை. என்னையும் கூப்பிட்டார்கள். "படம் போட்டது ஒங்க ஆபீசா?" ஆமாம் என்றேன். "படத்துல ரூம் இல்லையே?" இல்லை என்றேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, பார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அடுத்த வாரமே வேலையை விட்டேன். ஊர்ப் பக்கமே திரும்பி வந்து, இங்கே வீடு கட்டித் தருகிற ஒருவரிடம் சேர்ந்தேன். மனசாட்சியால் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயத்தால் விட்டேன்.

போன மாதம் உன் அப்பா தலத்தெருவுக்கு என்னைத் தேடி வந்தார். படகு வந்து, மீன் ஏலம் முடிந்து, அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார். கால் மணலோடு வாசலில் நின்றார். உள்ளே வரச்சொன்னேன். நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க வூடு படம் போடுற ஆளு. எனக்கு ஒரு படம் வேணும்."

"என்ன படம் அப்பா? வீடு கட்டப்போறீங்களா?"

"அந்த மெட்ராசு வூடு. காச்சலுன்னு படுத்துருந்த புள்ள எப்புடிடா வேலைக்குப் போனான்னு அவங்க அம்மா கேட்டுக்கிட்டே கெடக்கா. சோறு திங்க மாட்டங்குறா. அவன் எங்க தங்கியிருந்தான், எங்க படுத்துருந்தான்னு ஒரு தாளுல போட்டுக் குடுத்தீங்கன்னா காட்டிருவேன்."

கணினியைத் திறந்தேன். பழைய ஃபைல்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. அணைத்து வைத்த லேயரைப் போட்டேன். மொட்டை மாடியில் நாலு கோடு வந்து நின்றது. அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் இல்லை உன் அப்பா. ஓரத்தில் இருந்த தேதியைப் படித்தார். நீ அங்கே குடிபோவதற்கும் முந்தைய தேதி.

"ரூமு படத்துல இருக்கே தம்பி. அப்பறம் ஏன் அங்க ரூமே இல்லங்குறானுவ?"

சொன்னேன். லேயர், கேட், ஓனருக்கு எடுத்த பாடம், விசாரணையில் சொன்ன இரண்டு வார்த்தை, எல்லாம். என் பேச்சு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சுற்றி வளைக்கவில்லை. முடித்ததும் அவர் எழுந்து கூடத்தில் சுவரோரமாக நின்று, காலால் அளக்க ஆரம்பித்தார். பத்தடி இந்தப் பக்கம். எட்டடி அந்தப் பக்கம். அளந்த இடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "இதுல மூணு பேரா?" என்றார்.

"ஆமாங்க."

"இத அங்க போயிச் சொல்லுவீங்களா?"

"சொன்னா எனக்கு இனிமே இந்த வேலையே கெடைக்காதுங்க. கேஸும் வரும்."

"அத நான் கேக்கல."

போனேன். என்னை விசாரித்தவர்களிடமே ஃபைல், அச்சுத் தாள், நான் கேட் போடச் சொன்னது, என்ன சொல்ல வைத்தேன் என்பது, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பழைய சார் போனில் கத்தினார், "பைத்தியமா ஒனக்கு? அந்தத் தெருவுல எந்த வீட்டுலடா மேல ரூம் இல்ல?" அவர் சொன்னதும் உண்மைதான். வெளியே வந்து அந்தத் தெருவில் நடந்தேன். உன் கட்டடத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். கீழே கடை திறந்திருந்தது. முதல் மாடி வகுப்பு எதிர்க் கட்டடத்துக்கு மாறியிருந்தது. அங்கேயும் முதல் மாடிதான். மத்தியான வகுப்பு முடிந்து பிள்ளைகள் கும்பலாக இறங்கினார்கள். அண்ணாந்து பார்த்தேன். நாலு கட்டடத்துக்கு ஒன்றில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் சிமென்ட் ஷீட் தெரிந்தது, கொடியில் சட்டை காய்ந்தது. அவற்றில் எத்தனை நான் அணைத்தவை என்று எண்ணிப் பார்த்தேன். ஏழு வரை தெரிந்தது. அந்த ஏழின் கதவு எண்ணையும் திரும்பிப் போய் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். என்ன செய்வார்கள் என்று தெரியாது.

நேற்று இதைச் சொல்லத்தான் பட்டினச்சேரிக்குப் போனேன். உன் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். படம் அவர் மடியில் இருந்தது. மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது.

"வேலைக்கிப் போன எடத்துல, யாரு வூட்டுப் படியிலயோ கெடந்தான்னுதான் தம்பி இத்தன நாளும் நெனச்சிக்கிட்டிருந்தேன். அவன் ரூமுலேருந்துதான் வந்தானா?"

"அவன் ரூம்தாங்கம்மா. அவன் ரூம் வாசப்படிதான்."

தாளை விரித்து என் பக்கம் நீட்டினார். "தலமாடு எந்தப் பக்கம்?"

அந்தக் கட்டடத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவன் நான். படத்தில் அது இல்லை. எந்த லேயரிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பாயில் காலை நீட்டிக்கொண்டு கிடந்த ஞாபகத்திலிருந்துதான் சொல்ல முடிந்தது. தெற்குச் சுவரோரம், ஜன்னலுக்குக் கீழே. பேனாவை எடுத்து உன் பாயை வரைந்தேன். தலையணைக்கு ஒரு சின்னக் கட்டம். அவர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

அப்பா என்னோடு ரோடு வரை நடந்து வந்தார். வலை காயப்போட்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பஸ் வருவது தெரிந்ததும் நின்றார்.

"சொல்ல வேண்டியதச் சொல்லிட்டீங்க. நல்லது. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க தம்பி."

சரிங்க என்றேன். ஏறினேன். அவர் கையைக் காட்டவில்லை, பஸ் கிளம்பும்வரை போகவும் இல்லை. இனி பட்டினச்சேரிக்கு நான் வரமாட்டேன், மாப்ள. வரவேண்டாம் என்று சொன்னபோதும் தம்பி என்றுதான் கூப்பிட்டார். அதை எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை எனக்கு.